நூற்றுக்கு நூறு பொருந்திய சமன்பாடு

படிப்பு கூடினால் சம்பளம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜேக்கப் மின்சர் என்று பொருளியல் பாடப்புத்தகங்கள் எழுதி வைத்திருக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், 1974ஆம் ஆண்டுப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. பாவம், பாடப்புத்தகம் எழுதிய ஒருவரும் இலங்கை மலையகத்து ஹட்டன் வரை ரயிலேறி, அங்கிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு பஸ் பிடித்ததாகத் தெரியவில்லை. பிடித்திருந்தால் உண்மை விளங்கியிருக்கும். மின்சர் பிறக்கும் முன்பே ஸ்ட்ராத்ஸ்பே, மொரே, கார்ட்மோர், பிரவுன்லோ என்று தோட்டங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு மலையேறிய துரைமார் அதே கணக்கைப் போட்டு, விடையையும் கண்டு, அதற்கேற்ற காரியத்தையும் முடித்துவிட்டார்கள். கட்டுரை வெளியிடவில்லை, நோபல் பரிசுக்கும் ஆசைப்படவில்லை. எல்லாம் கிளப்பில், விஸ்கியோடு.

அவர்கள் கண்ட விடை இதுதான்: படிப்பு சம்பளத்தைக் கூட்டும். ஆனால் அந்தக் கூடுதல் சம்பளத்தை வேறு யாரோ, வேறு எங்கோ கொடுப்பார்கள். ஆகவே நம் தோட்டத்துப் பள்ளிக்கூடம் சின்னதாக இருப்பதே உத்தமம்.

இதைக் கண்டுபிடிக்கப் புள்ளிவிபரம் எதுவும் தேவைப்படவில்லை. சொந்தக் கதையை நினைத்துப் பார்த்தாலே போதும். துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். ஒவ்வொரு பங்கிலும் ஒரு பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று 1696லேயே சட்டம் போட்ட நாடு அது. அதன் பலனாக எழுதப் படிக்கத் தெரிந்த பையன்கள் அங்கே தேவைக்கு மேல் விளைந்தார்கள். அப்படிப்பட்ட பையன் ஊரில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பானா? கப்பலேறினான். பதின்ம வயதில் 1852இல் இலங்கையில் வந்திறங்கி, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்தக் கப்பல் கூட்டத்தில் ஒருவர்தான். படித்தவன் பிறந்த இடத்தில் தங்கமாட்டான் என்ற தேற்றத்துக்குத் துரையே நடமாடும் நிரூபணம். அதனால் அந்தத் தேற்றத்தைத் தம் லயத்துப் பிள்ளைகள் மீது பரிசோதித்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

காப்பியை 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் தின்று தீர்த்தது. தேயிலை வந்தது. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் சேர்ந்தால் போதும். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். அதிலும் கொழுந்துக்குப் பெண்கள் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்து வந்து லயத்தில் அடைத்தவர் பெரிய கங்காணி. அவருடைய வருமானச் சமன்பாடு மின்சருடையதைவிடச் சுலபமானது. காலைப் பெரட்டில் அவர் கணக்கில் எத்தனை பேர் நிற்கிறார்களோ, தலைக்கு இத்தனை சதம். அதற்குப் பென்ஸ் காசு என்று பெயர். தலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தலை இருக்கிறதா என்று மட்டும் எண்ணினார்கள்.

அடுத்தது துண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை கொடுத்த துண்டு வேண்டும். இன்ன கடனைக் கட்டிவிட்டு இந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாள் சொல்லும். 1960 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தில் தியோடோர் ஷூல்ட்ஸ் தலைமையுரை ஆற்றியபோது, மனிதரை மூலதனம் என்று சொன்னால் பலருக்கு மனம் புண்படுமே என்று தயங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார். மஸ்கெலியாவில் அப்படிப்பட்ட கூச்சம் எவருக்கும் இருந்ததில்லை. மனித மூலதனத்தின் விலையை ரூபாய் சதமாகத் தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாத ஒரே காரணத்தால் மூலதனத்துக்கு மட்டும் தன் விலை தெரியாது. ஆக, லயத்தில் ஒருவன் எழுத்துக் கூட்டப் பழகினால் கிடைத்திருக்கக்கூடிய முதல் லாபம், தன் கடன் எவ்வளவு என்று கங்காணியைக் கேட்காமலே அறிந்துகொள்வது. எந்தச் சம்பளச் சமன்பாடும் இந்த லாபத்தைக் காட்டாது. கங்காணிக்கு மட்டும் அது நன்றாகத் தெரிந்திருந்தது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

அதற்கு முந்திய வருஷம், 1920இல், அரசாங்கம் இன்னொரு தொல்லை கொடுத்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதல் பத்து வயது வரை பள்ளிக்கூடம் நடத்த வேண்டியது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று சட்டம் போட்டது. துரை சட்டத்தை மதிப்பவர். ஒரு கொட்டில் போட்டார், ஒரு வாத்தியாரை வைத்தார், ஐந்து வகுப்பையும் அந்த ஒருவரிடமே ஒப்படைத்தார். புள்ளிவிபரக்காரர் மொழியில் சொன்னால், 'கல்வி ஆண்டுகள்' என்ற மாறிக்கு ஐந்தில் கூரை போட்டாயிற்று. கூரையே ஒழுகியது வேறு விஷயம். பத்து வயதில் பள்ளி முடிந்தால் பதினொன்றாவது பிறந்தநாளுக்குக் கூடை காத்திருந்தது.

தோட்டத்தில் தமிழ் படித்துப் பலன் கண்டவர்கள் இல்லாமலும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் துரைமார். 'கூலித் தமிழ்' கற்றுக்கொடுக்க டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் என்பவர் தனிப் புத்தகமே எழுதினார். ஆள்களை வேலை வாங்க எவ்வளவு தமிழ் போதுமோ அவ்வளவு தமிழ். புதிதாக வந்த சின்னத்துரைக்கு அது பதவி காக்கும் படிப்பு. லயத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புத் தமிழ் கொழுந்துக் கூடையின் எடையை ஒரு இறாத்தல்கூடக் கூட்டவில்லை.

இனி நம் கதையின் உச்சக்கட்டம். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் நாட் சம்பளம் நிர்ணயமானது. மேல்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். நடுநாட்டில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30. மஸ்கெலியா நாலாயிரம் அடிக்கு மேலே நிற்பதால் 54இன் பக்கம்.

இந்தப் பட்டியலை ஒரு பொருளியல் அறிஞரிடம் கொடுத்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். அவர்கள் ரிக்ரெஷன் என்று ஒன்று போடுவார்கள். சம்பளத்தில் ஆளுக்காள் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு பங்கைத் தங்கள் சமன்பாடு விளக்குகிறது என்பதற்கு ஆர்-ஸ்கொயர் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அது ஒன்றைத் தொட்டால் நூற்றுக்கு நூறு பொருத்தம். மின்சர் படிப்பை மட்டும் வைத்துப் போட்ட சமன்பாடு வித்தியாசத்தில் 6.7 வீதத்தைத்தான் விளக்கியது. வேலை அனுபவத்தையும் சேர்த்து முக்கி முனகி 28.5 வீதம் வரை வந்தார். அதற்கே உலகம் எழுந்து நின்று கைதட்டியது. நம் சட்டம் போட்ட சமன்பாட்டுக்குத் தேவை மூன்றே கேள்விகள்: ஆணா பெண்ணா? பெரியவரா பிள்ளையா? தோட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி? விடை சொன்னால் நாட் சம்பளம் சதம் பிசகாமல் வந்துவிடும். ஆர்-ஸ்கொயர் முழுசாக ஒன்று. படிப்பின் குணகம், அதாவது ஓராண்டு படிப்புக்கு ஏறும் சம்பளம், சுத்தமான சைபர். ஒருவர் திருக்குறள் முழுவதையும் தலைகீழாக ஒப்பித்தாலும் 54 சதம்தான். அவரே கீழ்நாட்டுக்கு இறங்கினால் நாலு சதம் நட்டம். உலகத்திலேயே அறிவைவிட உயரத்துக்கு அதிகச் சம்பளம் கொடுத்த சமன்பாடு இதுவாகத்தான் இருக்கும்.

மின்சரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. போலந்தில் 1922இல் பிறந்து, நாஜிகளின் சிறைமுகாம்களில் இளமையைத் தொலைத்து, உயிர் தப்பி அமெரிக்கா வந்த மனிதர். பன்னிரண்டு வருஷம் படித்தவனைவிடப் பதினாறு வருஷம் படித்தவன் ஏன் அதிகம் சம்பாதிக்கிறான் என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை எழுதினார். சம்பளத்தின் மடக்கை எடு, படித்த ஆண்டுகளையும் அனுபவ ஆண்டுகளையும் எதிர்ப்பக்கம் வை. அனுபவத்தைச் சேர்த்தபோது ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் ஏறக்குறைய 10.7 வீதம் கூடுதல் வருமானம் என்று வந்தது. எடுத்த தரவு 1960ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் யாரை எடுத்தார் என்று பாருங்கள்: வெள்ளையர், ஆண்கள், விவசாயத்தில் இல்லாதவர்கள். மஸ்கெலியாவில் கொழுந்தெடுக்கும் நம் பெண் மூன்று வாசலிலும் தடுக்கி விழுகிறாள். துரைக்குக்கூட ஒரு வாசலில் கால் இடறும், அவரும் விவசாயம்தானே.

அனுபவத்தை அளக்க அவர் வழிவந்தவர்கள் வைத்த சூத்திரமும் அழகு. வயதிலிருந்து படித்த ஆண்டுகளைக் கழி, மேலும் ஆறைக் கழி. மிச்சம் அனுபவம். ஆறு வயதில் பள்ளிக்குப் போய், பள்ளி முடிந்த மறுநாள் வேலைக்குப் போகும் உலகத்துக்கு இது சரி. அஞ்சாம் வகுப்பு முடித்த பதினொரு வயதுத் தோட்டத்துப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். பதினொன்றில் ஐந்து போக, ஆறு போக, அனுபவம் சைபர். அந்தப் பிள்ளை அதற்குள் எத்தனை மலைக்குத் தாயோடு கொழுந்தெடுக்கப் போயிருக்கும் என்பதைச் சூத்திரம் கேட்காது.

மின்சருக்குப் பிறகு வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 'கெட்டிக்காரப் பிள்ளை அதிகம் படிக்கிறது. அது படிக்காவிட்டாலும் அதிகம் சம்பாதித்திருக்குமே, நீங்கள் புத்திக்குச் சேர வேண்டிய பெருமையைப் படிப்புக்குக் கொடுக்கிறீர்கள்' என்று ஒரு கட்சி கிளம்பியது. நியாயமான சந்தேகம். இதைத் தீர்க்க அறிஞர்கள் பட்ட பாடு புராணத்தில் சேர்க்கத் தக்கது. ஒஹாயோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்று ஓர் ஊர். வருஷந்தோறும் அங்கே இரட்டையர் திருவிழா. 1991இல் ஆர்லி ஆஷன்ஃபெல்டரும் ஆலன் க்ரூகரும் அந்தத் திருவிழாவில் தங்கள் ஆட்களோடு புகுந்து, ஒரே முகம் கொண்டவர்களைப் பிடித்து வைத்து, 'நீங்கள் எவ்வளவு படித்தீர்கள்? உங்கள் இரட்டை எவ்வளவு படித்தார்?' என்று இருவரிடமும் தனித்தனியே விசாரித்தார்கள். கூடப் பிறந்தவர்தான் நம்மைப் பற்றிப் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை! ஆண்டுக்கு 12 முதல் 16 வீதம் என்று விடை வந்தது.

அதே க்ரூகரும் ஜோஷுவா ஆங்ரிஸ்டும் 1991இல் இன்னொரு குறுக்கு வழி கண்டார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்தக் காலத்தில் பதினாறாவது பிறந்தநாள் வரை பள்ளி கட்டாயம். ஜனவரியில் பிறந்தவனுக்கு அந்த நாள் முதலிலேயே வந்துவிடுகிறது. டிசம்பரில் பிறந்தவன் மேலும் சில மாதம் பெஞ்சு தேய்க்கிறான். பிறந்த மாதம் புத்தியைப் பொறுத்ததல்ல. ஆகவே மாதத்தால் வந்த படிப்பு வித்தியாசமும் அதனால் வந்த சம்பள வித்தியாசமும் படிப்பின் சொந்தச் சம்பாத்தியம். நம் சோதிடர்கள் ஈராயிரம் வருஷமாகச் சொல்லிவருவதைத்தான் இவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவோடு சொன்னார்கள். 1995இல் மூன்று பேர் பொய்யாகப் பிறந்த மாதங்களைக் கலைத்துப் போட்டுப் பார்த்து, அதே மாதிரி விடை வருகிறதே என்று காட்டிக் கொஞ்சம் மானத்தை வாங்கினார்கள். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. டேவிட் கார்ட், ஆங்ரிஸ்ட், இம்பென்ஸ் மூவரும் 2021இல் நோபல் பெற்றார்கள்.

மஸ்கெலியாவில் பிறந்த மாதம் பார்க்கத் தேவையே இல்லை. எந்த லயத்தில் பிறந்தாய் என்று கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் அறிஞர்களின் சாஸ்திரத்தில் ஒரு விதி இருக்கிறது: நாம் பிடித்துக்கொள்ளும் காரணம் படிப்பின் வழியாக மட்டுமே சம்பளத்தைத் தொட வேண்டும், வேறு வழியாகத் தொடக்கூடாது. லயத்து எண் இந்த விதியில் உடனே தோற்றுப்போகும். அது படிப்பைத் தொட்டது, தண்ணீர்ப் பீலியைத் தொட்டது, வாக்குச்சீட்டைத் தொட்டது, குடியுரிமையைத் தொட்டது. தொடாதது எதுவும் இல்லை.

இலங்கை அரசாங்கமோ, தனக்கே தெரியாமல், உலகத்தரமான ஒரு பரிசோதனையை நடத்திக்கொண்டிருந்தது. 1945 ஒக்டோபரில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை. நாட்டுப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்ட குழு. தோட்டப் பள்ளிகள் தோட்டத்தின் கையிலேயே விடப்பட்டன. ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் மருந்து கொடுக்காமல் வைத்த ஒப்பீட்டுக் குழு. 1947 தேர்தலில் மஸ்கெலியா ஜி.ஆர். மோத்தாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. ஒப்பீட்டுக் குழு வாக்களிப்பது பரிசோதனைக்குக் கெடுதல் என்று நினைத்தார்களோ என்னவோ, 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் போயின. 1960, 61இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு எடுத்தபோதும் தோட்டப் பள்ளிகளைத் தொடவில்லை. 1972லும் 1975லும் தோட்டங்களையே அரசு எடுத்துக்கொண்ட பிறகு, 1977ஐ அடுத்து மெல்ல மெல்லப் பள்ளிகளும் அரசின் கீழ் வந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் நடந்த பரிசோதனை. இந்தோனேசியா எண்ணெய்க் காசில் 1973 முதல் ஆறு வருஷத்துக்குள் 61,000 ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியது; எஸ்தர் டுஃப்லோ 2001இல் அதை ஆராய்ந்து, ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் சம்பளம் 6.8 முதல் 10.6 வீதம் கூடியது என்று எழுதிப் புகழ் பெற்றார். நாம் பள்ளி கட்டாமலே பரிசோதனை நடத்தியவர்கள். சிக்கனத்துக்காவது ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

பள்ளி வந்தது. பிள்ளைகள் படித்தார்கள். அப்படியானால் தோட்டத்துக் கணக்கில் படிப்பின் பலன் தெரிய வேண்டாமா? இங்கேதான் துரையின் பழைய தேற்றம் மறுபடி தலைதூக்குகிறது. 1969இல் மவுசாகலை அணை எழும்பியபோது பழைய மஸ்கெலியா டவுன் நீர்த்தேக்கத்துக்குள் போனது. வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். மழைக்காலத்தில் மட்டும் வந்து படம் எடுத்துப் போகிறவர் இங்கே ஊரே இருந்ததில்லை என்று சத்தியம் செய்வார். தோட்டத்துச் சம்பளக் கணக்கும் இப்படித்தான். புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. இருபது ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாமல் தொழிலாளர் வதியும் நிலம் தோட்டம். அங்கே படித்து, ஆசிரியராகி, ஹட்டன் டவுனில் வீடெடுத்துப் போனவர் அடுத்த கணக்கெடுப்பில் நகரத்து ஆள். கொழும்பில் கடையில் கணக்கெழுதப் போனவரும் நகரத்து ஆள். பலன் கண்டவர்கள் எல்லாம் வேறு பத்திக்குப் போய்விட, மிச்சமிருப்பவர்களை வைத்துப் படிப்பின் பலனைத் தேடினால் எது அகப்படும்? ஜேம்ஸ் ஹெக்மன் 1979இல் இந்தக் கோளாறைச் சரிசெய்ய வழி சொல்லி, பின்னால் 2000இல் நோபலும் வாங்கினார்.

கணக்கெடுக்க வரும் பிள்ளைக்கும் லயத்துப் பாட்டிக்கும் நடக்கும் பேச்சைக் கற்பனை செய்து பாருங்கள்.

"வீட்டில எத்தனை பேர் இருக்கீங்க அம்மா?"

"நானும் மருமகளும், மகள்."

"பிள்ளைங்க?"

"மூத்தவன் கொழும்புல. நடுவுலவ டீச்சர், டிக்கோயாவுல இருக்கா. கடைக்குட்டி கட்டார்ல."

"இல்லம்மா, இந்த வீட்டில தங்குறவங்கள மட்டும்தான் எழுதணும்."

"அப்ப படிச்சதெல்லாம் எழுத மாட்டீங்களா?"

பாட்டி ஹெக்மனைப் படித்ததில்லை. கேள்வி மட்டும் அவருடையதுதான்.

தோட்டத்துக்குள்ளேயே மீந்தவர்களின் சமன்பாடு காலப்போக்கில் இன்னும் இளைத்துப்போனது. 1984இல் போராட்டத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. ஆணா பெண்ணா என்ற கேள்வி சமன்பாட்டிலிருந்து கழிந்தது. அது நல்ல கழிவு. 2021இல் ஆயிரம் ரூபாய்க்காக நடந்த நெடுங்காலப் பேச்சின் முடிவில் சம்பளச் சபை நாளுக்கு 900 ரூபாயும் 100 ரூபாய் கொடுப்பனவும் நிர்ணயித்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசை விட்டுவிட்டால், நேற்று பேர் பதிந்த பிள்ளைக்கும் முப்பது வருஷம் மலையேறிய அம்மாவுக்கும் ஒரே பேர், ஒரே காசு. படிப்பின் குணகம் சைபர், அனுபவத்தின் குணகமும் சைபர். அனுபவத்தோடு வருமானம் ஏறுவதாக மின்சர் கண்ட வளைகோடு இங்கே மேசை மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது.

இந்தச் சைபரைக் காட்டி, 'தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பால் என்ன ஆகிவிட்டது?' என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துரைமார் அளவுக்குக்கூடப் பொருளியல் தெரியாது. படிப்புக்குப் பலன் சைபர் என்று துரை ஒரு நாளும் நம்பியதில்லை. நம்பியிருந்தால் வகுப்பை ஐந்தோடு நிறுத்தியிருக்கத் தேவையில்லை. பலனில்லாத பொருளை யாரும் பூட்டி வைப்பதில்லை. தொழிற்சங்கவாதி கோதண்டராம நடேசய்யர் துணி வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் புக வேண்டியிருந்த காலம் அது. பேசவும் எழுதவும் தெரிந்த ஒரு மனிதர் லயத்துக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நிர்வாகம் துல்லியமாக மதிப்பிட்டிருந்தது. அவர் 1931இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது அந்த மதிப்பீடு சரி என்று ஆயிற்று. சைபர் என்பது சம்பளப் பட்டியல் எழுதியவர்கள் போட்ட எண். படிப்புக்கு அதில் பங்கில்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது தோட்டத்துக் கல்விக்குப் பலனில்லை என்று ஓர் அட்டவணையை நீட்டினால், இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தச் சம்பளத்தை யார் நிர்ணயித்தது? இங்கிருந்து படித்து வெளியேறியவர்களை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அட்டவணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.